உஷாராணி எடுக்காத அழைப்பு

உஷாராணி அக்காவின் கைப்பையில் முன்பெல்லாம் இரண்டு தொலைபேசிகள் இருக்கும். ஒன்று அவருடையது. இன்னொன்று பொத்தான் வைத்த பழைய போன். பின்மூடி கழன்று விழாமல் இருக்க ரப்பர் வளையம் போட்டிருக்கும். அது எங்கள் அலுவலகத்தின் ஸ்டேண்ட்பை போன். எந்த நேரத்தில் அது அடித்தாலும், அப்போது அதை வைத்திருப்பவர் எடுத்தாக வேண்டும்.

அலுவலகம் பங்சாரில் இருக்கிறது. கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர்களை லோரிகளில் ஏற்றி நாடு முழுக்க அனுப்புகிற நிறுவனம். எந்தப் பெட்டி எந்த லோரிக்கு, எந்த வாசல் வழியாக, யார் பெயரில் என்பதெல்லாம் ஒரே டேட்டாபேஸில் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர்கள் மூன்று பேர்: உஷாக்கா, கக் ஸலினா (மலாயில் 'கக்' என்றால் அக்கா), லியோங். நான் அவர்களுக்குக் கீழே வேலை கற்றுக்கொள்ள வந்தவள்.

டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்றால் என்ன என்று உஷாக்கா குடியிருக்கும் தாமானில் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் வேலை என்பார்கள். பிரிண்டர் கெட்டுப்போனால் அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். "உஷா, என் வாட்ஸ்அப்புல பழைய போட்டோ எல்லாம் காணோம், கொஞ்சம் பாரேன்" என்பார் எதிர்வீட்டு ஆன்டி. அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். தன் வேலை அது இல்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லக்கூடத் தெம்பில்லாத முகம் அவருக்கு. கண்ணுக்குக் கீழே கருமை, வலது தோளில் எப்போதும் ஒரு வலி நிவாரணப் பட்டை.

என்னிடம் ஒருமுறை அந்த வேலையைப் பற்றிச் சொன்னார். "ஓடிக்கிட்டு இருந்தா நாம இருக்கிறதே யாருக்கும் தெரியாது. நின்னா மட்டும்தான் நம்ம பேரு ஞாபகம் வரும்." புகாராகச் சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் விற்கப்பட்டதும் குடும்பம் கிள்ளானுக்கு வந்தது. தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் இடைநிலைப் பள்ளி, பிறகு ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா. கணவர் பரமேஸ்வரன் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். டேட்டாபேஸ் நின்றால் துறைமுக வாசலில் லோரிக்கு அனுமதிச் சீட்டு, அதாவது பாஸ், அடிக்க முடியாது. பாஸ் இல்லாமல் லோரி நகராது. வெயிலில் வரிசை நீளும். அவர் ஓட்டுவது வேறு நிறுவனத்து லோரிதான் என்றாலும், வரிசையில் அவரும் நிற்க வேண்டியிருக்கும். ஸ்டேண்ட்பை போன் அடித்தால் உஷாக்கா முதல் மணியிலேயே எடுப்பதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த போனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அது உஷாக்காவிடம் போகும். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் லியோங்கிடமோ ஸலினாவிடமோ போகும். எந்தப் பண்டிகைக்கும் முந்தைய நாள் வேலை முடிந்து மூவரும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரொட்டி சானாய் கடையில் உட்காருவார்கள். அங்கேதான் கைமாற்றம். லியோங் போனோடு ஒரு பை ஆரஞ்சுப் பழம் கொடுப்பார். ஸலினா பிஸ்கட் டப்பா கொடுப்பார். உஷாக்கா முறுக்கு கொடுப்பார். ஒரு வருடம் போன் முறுக்குப் பைக்குள்ளேயே கிடந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறியதாம். "அதுக்கப்புறம்தான் இந்த போன் கொஞ்சம் வேகமா ஓடுது" என்பார் லியோங்.

இது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. யாரும் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதும் இல்லை.

குகன் மேலாளராக வந்தபோது அது முடிந்தது. ஆஸ்திரேலியாவில் படித்து அங்கேயே சில வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். பத்து வயதாவது உஷாக்காவுக்கு இளையவர். கூட்டங்களில் ஆங்கிலம்தான், "உஷா" என்றுதான் கூப்பிடுவார். பேன்ட்ரியில் ஆளில்லாதபோது "அக்கா" என்பார். அவர் ஒரு செயலியை வாங்கினார். இனி போனைக் கைமாற்ற வேண்டாம், முறைவைத்து அதுவே ஆளைப் போடும், அழைப்பு நேராக அவரவர் போனுக்கே வரும் என்றார். கால் மணி நேரம் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குத் தாவும். அவரும் எடுக்காவிட்டால் குகனுக்கு. யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்பது அப்போதைக்கப்போதே மேலிடத்துக்குத் தானாகப் போய்விடும். எடுக்காதவர் பெயர் சிவப்பில்.

"எல்லாருக்கும் சமம்" என்றார் குகன்.

முதல் பட்டியலைத் திரையில் போட்டார். தைப்பூசத்துக்கு உஷாராணி. சீனப் புத்தாண்டுக்கு லியோங். நோன்புப் பெருநாளுக்கு ஸலினா. செயலிக்குப் பண்டிகை தெரியாது. வாரங்கள் மட்டும்தான் தெரியும்.

மூவரும் திரையையே பார்த்தார்கள். மூத்தவர் உஷாதானே, அவர் பேசுவார் என்று ஸலினா இருந்தார். முதலில் வருவது தன் பண்டிகை இல்லையே என்று லியோங் இருந்தார். உஷாக்கா பேசாததற்குக் காரணம் வேறு. தமிழர் ஒருவர் மேலாளராக உட்கார்ந்திருக்கும்போது, தமிழர் ஒருவர் தைப்பூசத்துக்கு விலக்குக் கேட்டால், மற்ற இருவரும் என்ன நினைப்பார்கள்? குகனும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். பட்டியலை அவர் சற்று அவசரமாகத்தான் மூடினார்.

அந்த வருடம் குழுத் தலைவர் பதவிக்கு உஷாக்காவின் பெயர் பேச்சில் இருந்தது. அதற்கு அவருடைய பெயர் ஒரு முறைகூடச் சிவப்பில் வரக்கூடாது.

தைப்பூசம் அன்று அவருக்கு வேறொரு இடத்தில் வேலை இருந்தது. கிள்ளானில் ஒரு கோயில். பெயர் வேண்டாம். பல வருடங்களாக அங்கே தைப்பூசத்தன்று காணாமல் போனவர்களுக்கான கவுண்டரை உஷாக்காதான் நடத்துகிறார். ஒரு பிளாஸ்டிக் மேசை, ஒரு பழைய லேப்டாப், பிள்ளைகளின் கையில் கட்டத் துணிப்பட்டைகள், பரமேஸ்வரன் அண்ணனின் கையில் ஒரு மைக். வழிதவறி வரும் பிள்ளையின் சட்டை நிறம், கண்டெடுத்த இடம், காலில் செருப்பு இருக்கிறதா என்பதெல்லாம் லேப்டாப்பில் ஏறும். தேடி வரும் பெற்றோர் சொல்வதும் ஏறும். இரண்டும் பொருந்தினால்தான் பிள்ளையை ஒப்படைப்பார். அழுகிற அம்மாவாக இருந்தாலும் கேள்வி கேட்டுவிட்டுத்தான். அதனால் திட்டு வாங்கியும் இருக்கிறார்.

ஏன் இந்தக் கவுண்டர் என்று கேட்டேன். "அன்னதானத்துல நிக்க எனக்கு முட்டி தாங்காது. கூட்டத்த ஒழுங்கு பண்ண சத்தமா பேசத் தெரியாது. இது ஒன்னுதான் தெரியும்."

பட்டியல் வந்த அதே வாரம் கோயில் செயலாளர் இராமலிங்கம் அங்கிள் அழைத்தார். நாங்கள் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாலும் அவர் குரல் எனக்கும் கேட்டது.

"உஷாம்மா, ஒரு குளிர்பான கம்பெனி இடம் கேக்குறான். உங்க கவுண்டர் இருக்கிற இடந்தான் வேணுமாம். நெழலா இருக்காம்."

"நாங்க வரோம் அங்கிள், எப்பவும் போல."

"நீங்க வந்து உக்காந்தா நான் கமிட்டில பேசுவேன். ஆள் இல்லாத மேசைக்கு நான் எப்படிப் பேச முடியும்? போன வருஷமே பாதி நாளு நீங்க ரெண்டு பேருதான் இருந்தீங்க. இந்த வருஷம் வரலைன்னா அவனுக்குக் கொடுத்துருவாங்க. கொடுத்தா திரும்ப வராது. சொல்லிட்டேன்."

"வரேன் அங்கிள்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஷா ஆலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். "தைப்பூசம் ஞாயித்துக்கிழமை வருது, உனக்கு ஏதும் வேலை இருக்கா? எழுத்து நல்லா இருக்கும்ல உனக்கு?" அப்படித்தான் நான் அந்தக் கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இரண்டையும் செய்துவிடலாம் என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார். அலுவலக லேப்டாப்பைக் காரில் வைத்துக்கொள்வது. அழைப்பு வந்தால் கோயிலுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கும் காருக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு வேலையை முடித்துவிட்டு வருவது. இதைச் சொல்லும்போதே அவர் குரலில் நம்பிக்கை இல்லை. அந்த வருடம் தைப்பூசம் மாதத்தின் முதல் நாளில் வந்தது. மாத முடிவுக் கணக்கெல்லாம் ஓடும் நாள்; டேட்டாபேஸ் படுத்துக்கொள்வது என்றால் பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

காலையில் நாங்கள் போனபோது எங்கள் இடத்தில் பாதியைக் குளிர்பானக் கம்பெனியின் கூடாரம் பிடித்திருந்தது. இராமலிங்கம் அங்கிள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. பாதி உங்களுக்கு வச்சிருக்கேன் பாருங்க. அட்ஜஸ் பண்ணிக்குங்க."

"பரவாயில்ல அங்கிள்" என்றார் உஷாக்கா. மேசையை நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்தினோம்.

"அவன் பெட்டிக்குள்ள ஐஸ் இருக்கு, அவனுக்கு நெழலு" என்றார் பரமேஸ்வரன் அண்ணன். "நம்மள வெளிய போட்டுட்டானுங்க, உஷா. கேட்டுப் பாரு, ஃப்ரீயா ரெண்டு டின் குடுப்பானான்னு."

"சும்மா இருங்க."

உறுமி மேளம் நெருங்க நெருங்க மேசையே அதிர்ந்தது. பால்குடங்கள் போய்க்கொண்டே இருந்தன. பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். அழுகிறவர்கள், அழாதவர்கள், ஐஸ்கிரீம் வாங்கித் தந்தால்தான் பேசுவேன் என்கிறவர்கள். ஒருவரைப் பெற்றோரிடம் சேர்த்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்தவர். வெயில் உச்சிக்கு வந்தபோது ஒரு தொண்டர் ஒரு சின்னப் பெண்ணைக் கொண்டுவந்து விட்டார். மஞ்சள் பாவாடை, ஒரு காலில் மட்டும் கொலுசு. வந்ததும் உஷாக்காவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பேரு என்ன கண்ணு?"

"பேபி."

"ஸ்கூல்ல டீச்சர் என்னன்னு கூப்பிடுவாங்க?"

"ஸ்கூல் போகல."

"அப்பா பேரு?"

"பாஸ்."

"அம்மா பேரு?"

கொஞ்சம் யோசித்தாள். "டார்லிங்."

பரமேஸ்வரன் அண்ணன் மைக்கை அணைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "நல்ல குடும்பம் லா இது. 'பாஸ், உங்க பேபி இங்க இருக்கு'ன்னு மைக்குல சொன்னேன்னு வை, பாதிக் கோயிலு இங்க வந்து நிக்கும்."

"வாய மூடுங்க. பிள்ள பயப்படுது."

அப்போதுதான் மேசை மேலிருந்த உஷாக்காவின் போன் அதிரத் தொடங்கியது. செயலியின் சத்தம் மற்ற அழைப்புகளைப் போல இருக்காது. ஆம்புலன்ஸ் மாதிரி கத்தும். திரையில் சிவப்பு எழுத்து. சேமிப்பிடம் நிரம்பி, மேலே எழுத இடமில்லாமல் டேட்டாபேஸ் நின்றுவிட்டது.

கிட்டத்தட்ட அதே நேரத்தில் பரமேஸ்வரன் அண்ணனின் போனில், கூட லோரி ஓட்டும் ஒருவரிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. அவர் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். "பரமு, உன் சம்சாரம் கம்பெனியோட வாசல் கேட்டு படுத்துருச்சுடா. நாங்க இங்க வெயில்ல வறுபடுறோம். சாமிகிட்ட சொல்லி எழுப்பச் சொல்லு லா."

அவர் சிரிக்கவில்லை. உஷாக்காவைப் பார்த்தார்.

"வண்டிக்குப் போகணும்" என்றார் உஷாக்கா. எழுந்தார். துப்பட்டாவைப் பிடித்திருந்த பெண்ணும் கூடவே நகர்ந்தாள்.

"நீங்க போங்கக்கா. நான் பாத்துக்கிறேன்" என்று நான் கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்து வீறிட்டாள். அதுவரை அழாத பிள்ளை. மூச்சு நிற்கிற மாதிரி அழுதாள். இராமலிங்கம் அங்கிள் சற்றுத் தள்ளி நின்று எங்கள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கமிட்டிக்காரர் ஒருவர்.

உஷாக்கா உட்கார்ந்தார். பிள்ளையை மடியில் ஏற்றிக்கொண்டார். போன் நின்று மறுபடி அடித்தது. போனை எடுத்து, யாருக்காவது சொல்லி, எதையாவது செய்யச் சொல்லலாமா என்று நினைத்திருப்பார். விரல் பச்சைக்கு மேல் போனது. அப்போது திரையின் மேலே ஒரு செய்தி வந்து நின்றது. ஸலினா. மலாயில் இரண்டே வரி: எடுக்காதே. நான் லேப்டாப்பைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறேன்.

அவர் அதைத் திரும்பப் படித்தார் என்று நினைக்கிறேன். விரல் அங்கேயே இருந்தது. முதலில் எடுப்பவர் பேரில் அந்த வேலை விழுந்துவிடும்; எடுக்காவிட்டால் கால் மணி நேரம் கழித்து ஸலினாவுக்குத் தாவும். அந்தக் கால் மணி நேரமும் துறைமுக வாசலில் லோரிகள் நகராது. இது மேசையில் இருந்த எங்கள் மூவரில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

போனைக் கவிழ்த்துத் துணிப்பட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்தார்.

"உஷா?" என்றார் பரமேஸ்வரன் அண்ணன்.

"ஸலினா எடுப்பாங்க."

"உன் பேரு போயிரும்ல?"

"போகட்டும்." பிறகு மடியிலிருந்த பெண்ணிடம் குனிந்தார். பெட்டி அதிர்ந்துகொண்டே இருந்தது. "கண்ணு, உங்க அப்பாவ பாஸுன்னு யாரு கூப்பிடுவாங்க?"

"அங்கிளுங்க."

"அங்கிளுங்க எங்க வருவாங்க?"

"கடைக்கு."

"கடையில என்ன இருக்கும்? சாப்பாடா?"

இல்லை என்று தலையாட்டினாள். விக்கல் வந்தது. "கார். கார் குளிக்கும்."

அவர் அலுவலகத்தில் கோளாறு தேடுவதும் இப்படித்தான். எதைக் கேட்டால் கூட்டம் சுருங்குமோ அதையே கேட்டுக்கொண்டு போவார். பரமேஸ்வரன் அண்ணன் மைக்கை எடுத்தார். "கார் கழுவுற கடை வச்சிருக்கும் பாஸ், மஞ்சள் பாவாடை போட்ட பிள்ளைய விட்டுட்டுப் போன பாஸ், குளிர்பானக் கூடாரத்துக்குப் பக்கத்துல இருக்கிற கவுண்டருக்கு வாங்க." பிறகு தாங்க முடியாமல் ஒன்றைச் சேர்த்தார். "மத்த பாஸுங்க வர வேண்டாம்."

மஞ்சள் தண்ணீரில் நனைந்த வேட்டியோடு ஒருவர் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். பின்னால் ஒரு பெண். "உங்ககிட்ட விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும். காவடி தூக்கினவன் பின்னாடி வாய பொளந்துகிட்டுப் போயிட்டீங்க." அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே, "பொறு டார்லிங், பொறு" என்றார். உஷாக்கா அப்போதும் விடவில்லை. எந்தக் காலில் கொலுசு என்று கேட்டு, அவர்கள் சரியாகச் சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்கினார். லேப்டாப்பில் பெயர் என்ற இடத்தில் "பேபி" என்றுதான் இருந்தது. அதைத் திருத்த யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

பெட்டிக்கு அடியில் அதிர்வு நின்றுவிட்டிருந்தது. பரமேஸ்வரன் அண்ணன் தன் போனைப் பார்த்துவிட்டு, "வரிசை நகருதாம்" என்றார். உஷாக்கா தலையை மட்டும் ஆட்டினார். மாலை வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. மேசையை மடிக்கும்போது இராமலிங்கம் அங்கிள் வந்து, "அடுத்த வருஷமும் இந்த இடம் உங்களுக்குத்தான்மா, கமிட்டில சொல்லிட்டேன்" என்றார். பாதி இடமா முழு இடமா என்று அவர் சொல்லவில்லை. உஷாக்காவும் கேட்கவில்லை.

விடுமுறை முடிந்ததும் குகன் அறைக்குக் கூப்பிட்டார். பத்து நிமிடத்தில் உஷாக்கா வெளியே வந்து தன் இடத்தில் உட்கார்ந்து விளக்கக் கடிதம் தட்டினார். ஒரே வரி. அழைப்பு வந்தது, கையில் வேறு வேலை இருந்ததால் எடுக்கவில்லை. ஸலினா பற்றி ஒன்றும் இல்லை.

மதியம் பேன்ட்ரியில் நானும் உஷாக்காவும் கப் கழுவிக்கொண்டிருந்தபோது குகன் வந்தார். என்னைப் பார்த்தார், இருக்கட்டும் என்பதுபோல விட்டுவிட்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, அக்கா. நானும் தமிழன்தானே."

"அதனாலதான் சொல்லல, குகன்."

அவர் காப்பி மெஷினின் பொத்தானை அழுத்தினார். ஏற்கெனவே நிரம்பியிருந்த கப் வழிந்தது. "ரிப்போர்ட்டு தானா மேல போயிருச்சு. நான் இப்ப ஒன்னும் செய்ய முடியாது. அந்தப் போஸ்டுக்கு..."

"தெரியும். பரவாயில்ல."

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் உஷாக்கா. ஒரு துணியை எடுத்துச் சிந்திய காப்பியைத் துடைத்தார்.

குழுத் தலைவராக வேறு பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான். டேட்டாபேஸ் பற்றி உஷாக்காவிடம்தான் கேட்டுக் கேட்டுச் செய்கிறார்.

தைப்பூசம் முடிந்த அந்த வாரமே மூவரும் பிரிக்பீல்ட்ஸ் கடையில் உட்கார்ந்தார்கள். கைமாற்ற அந்தப் பழைய போன் இல்லை, பழக்கம்தான். என்னையும் கூட்டிப் போனார்கள். முன்பே சொல்லியிருந்தால் இத்தனை தவித்திருக்க மாட்டேனே என்று உஷாக்கா மலாயில் ஸலினாவிடம் கேட்டார். ஸலினா தலையை மூடியிருந்த தூடோங் துணியின் நுனியைத் தோளில் தள்ளிவிட்டு, "சொன்னால் அது திட்டம் போட்டது ஆகிவிடும்" என்றார். "எடுக்காமல் விட்டது வெறும் எடுக்காமல் விட்டது." லியோங் ரொட்டியைக் கிழித்துக்கொண்டே, "சீனப் புத்தாண்டுக்கு என் போன் மோசமாகிவிடும் என்று நினைக்கிறேன். பேட்டரி இப்போதே சரியில்லை" என்றார். யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் களைப்பு.

சீனப் புத்தாண்டன்று லியோங்கின் பெயரும் சிவப்பில் வந்தது. அன்று அழைப்பு உஷாக்காவுக்குத் தாவியது.

நோன்புப் பெருநாள் காலையில் என்னிடம் தங்கிவிட்ட கவுண்டரின் மைக்கையும் மிச்சத் துணிப்பட்டைகளையும் திருப்பிக் கொடுக்க உஷாக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. தோளில் புதுப் பட்டை. அடுத்த வீட்டிலிருந்து வந்த பெருநாள் ரெண்டாங் கறி மூடிவைத்திருந்தது. பரமேஸ்வரன் அண்ணன் ஓய்வில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"உக்காரு. சாப்பிடறியா?"

"அழைப்பு வந்துச்சாக்கா?"

"இப்பதான். அவங்க போன்ல அடிக்குது." திரையைக் காட்டினார். ஸலினாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் சுற்றும். ஸலினா அந்நேரம் தன் அம்மா வீட்டில், காஜாங்கில், பெருநாள் வழக்கப்படி பெரியவர்களின் கைகளைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார். எங்கேயோ லோரிகள் நின்றுகொண்டிருக்கும்.

உஷாக்காவின் போனில் ஒரு செய்தி வந்தது. குகன். அவர் படித்துவிட்டு என் பக்கம் திருப்பினார்.

"அக்கா, நீங்கதானே எடுப்பீங்க?"

அவர் பதிலுக்கு "ம்" என்று மட்டும் தட்டினார். சற்று நேரம் கழித்து குகனிடமிருந்து இன்னொன்று வந்தது. "தீபாவளிக்கு முதல் பேரு உங்களுதுதான் வருது. ரெண்டாவது பேரு ஸலினா போட்டுருக்கேன்." உஷாக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். கண்ணைக் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டார். அழுதார் என்று சொல்ல மாட்டேன், தூக்கமில்லாத கண்.

"சூடா இருக்கும்போதே சாப்பிடு" என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். வட்டம் சுற்றி முடிந்தது. ஸலினாவின் பெயர் சிவப்பானது. ஆம்புலன்ஸ் சத்தம் தொடங்கியதும் முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஹலோ, உஷா பேசறேன். சொல்லுங்க."